சோடோ என்றார் தர்மா

சொன்ன பேச்சைத் தட்டாதவன் என்று சிறு வயதிலிருந்தே எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய் ஒரு மனிதனைக் கடலில் மூழ்கடிக்கப் பார்த்தேன். அவன் என் நண்பன் ஜமால். இரண்டு மாதத்தில் எனக்கு மச்சானாக வேண்டியவன்.

அறுபதுகளின் தொடக்கம். பூனா கேம்ப்பில் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தேன். நாலு கடை தள்ளி ஜமாலின் வாப்பாவுக்குக் குடைக் கடை. மேலப்பாளையத்துக்காரர். அவர் மகள் ஆயிஷாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். (நான் அவளைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த இரண்டு பாதங்களை.)

எங்கள் இருவருக்கும் பொதுவான நண்பன் சாவந்த். மீன்பிடிப் பைத்தியம். பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில், யாரோ வெள்ளைக்காரர் விட்டுப் போன ரீல் வைத்த தூண்டில்களை வாங்கி வைத்திருந்தான். மெல்லிய கழி, அதைவிட மெல்லிய நூல். அலிபாக் பக்கம் கழிமுகத்தில் ஜிதாடா கிடைக்கும் என்றான். நம் ஊரில் கொடுவா என்போமே, அதுதான். வருங்கால மாமனார் வீட்டுக்கு ஒரு கொடுவாவோடு போய் நிற்கலாமே என்று ஆசைப்பட்டேன்.

சனிக்கிழமை பஸ் பிடித்து, சாவந்தின் அத்தை வீட்டில் தங்கி, மறுநாள் விடிந்ததும் மூவரும் படகேறினோம். வழிகாட்டி தர்மா என்ற கோலி இனத்து மீனவர். உயிரோடிருந்த இறாலைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்துவிட்டு, இந்தியில் இரண்டே விதிகள் சொன்னார். படகில் எழுந்து நிற்கக் கூடாது. மீன் இழுத்தால் எதிர்த்து இழுக்கக் கூடாது, நூல் அறுந்துவிடும். "நான் 'சோடோ'ன்னு சொன்னா விட்டுடணும். சமஜ்?"

பலமாகத் தலையாட்டினேன்.

இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு என் கழி வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. "சோடோ!" என்றார் தர்மா. விட்டேன், நூல் ஓடியது. மறுபடி "சோடோ!" மறுபடி விட்டேன். "ஷாபாஷ்!" என்றார். அந்தப் பாராட்டு தலைக்கேறி, முதல் விதியை மறந்து எழுந்து நின்றேன்.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விளிம்பில் உட்கார்ந்திருந்த ஜமால் தண்ணீரில் விழுந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. நான் சட்டென்று குனிந்து, இடது கையால் அவன் கையைப் பிடித்துவிட்டேன். வலது கையில் தூண்டில். அந்தப் பக்கம் மீன் இழுக்கிறது, இந்தப் பக்கம் மச்சான் இழுக்கிறான்.

தர்மா தொண்டை கிழியக் கத்தினார். "சோடோ! அரே, சோடோ!"

விட்டேன். ஜமாலை.

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பயம்கூட இல்லை. ஆச்சரியம். அப்புறம் தலை மறைந்தது. தர்மா குதித்தார். சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு அவர் மேலே வருவதற்குள் நான் பாதி செத்துவிட்டேன். ஜமால் படகில் கிடந்து இருமினான். தர்மா கத்தியை எடுத்து என் நூலை அறுத்தார். அப்போதும் தூண்டில் என் கையில்தான் இருந்தது.

பூனா வரும்வரை ஜமால் என்னோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. கல்யாணம் நின்றுபோகும் என்றே நினைத்தேன். நின்றால் நியாயம்தான் என்றும் தோன்றியது.

மறுநாள் காலை குடைக் கடைக்குப் போனேன். ஜமாலின் வாப்பா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"தம்பி, ஒங்களை அல்லாஹ் நல்லா வைக்கணும். படகுலேர்ந்து விழுந்தவனைக் கையைப் பிடிச்சிக் கரை சேத்தியளாமே. ஜமால் எல்லாம் சொன்னான்."

உள்ளே குடைக்கம்பி அடுக்கிக்கொண்டிருந்த ஜமால் தலையைத் தூக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் வீரன். ஒரு நிமிஷம் அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் அவர் கை என் முதுகிலேயே இருந்தது. தாங்க முடியவில்லை.

"பிடிச்சேன் மாமா. அப்புறம் விட்டுட்டேன்."

"என்ன?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் கல்லாகிவிட்டது. மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடையை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்.

"அரே மாப்ள, நான்தான் வாப்பாகிட்ட ஒரு பொய்யைச் சொல்லி விஷயத்தை முடிச்சு வச்சிருந்தேனே" என்றான் ஜமால். அந்த இரண்டு நாளில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. ஆயிஷாவிடம் வாப்பா எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டாராம். "பொய் சொல்லித் தப்பிக்கிற எடத்துல உண்மையைச் சொன்னவர். போதும் வாப்பா" என்றாளாம்.

நிக்காஹ் அன்று, எங்கள் வழக்கப்படி மாமனார் என் கையைப் பற்றிக்கொண்டார். என் காதருகே குனிந்து, சிரிக்காமல் சொன்னார்: "தம்பி, யாரு என்ன சொன்னாலும் விட்டுராதிய."

பக்கத்தில் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது. அதோடு ஊர் முழுக்கப் பரவியது.

போன மாதம் என் பேரனுக்கு நிக்காஹ். பெண்ணின் தகப்பனார் அவன் கையைப் பிடித்த நேரம் பார்த்துப் பின்வரிசையிலிருந்து ஒரு கிழட்டுக் குரல், "சோடோ!" என்றது. ஜமால்தான். சபை சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பேரன் கையை விடவில்லை. அவன் ஆயிஷாவின் பேரன்.