பண்ணை வாசலில் கழற்றிய சப்பாத்து

வெள்ளவத்தை
ஞாயிறு

அன்புள்ள மருமகன் பிரியந்தனுக்கு,

மாமா ஸ்ரீஸ்கந்தராசா எழுதுவது. இங்கே நானும் மாமியும் சுகம். உன் சப்பாத்துத்தான் சுகமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஐம்பத்தாறு வயதில், மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்துகொண்டே அதைத் தொலைத்துவிட்டேன்.

நீ கனடாவில் சோதனைக்குப் படித்து முடிக்கும்வரை உன் கொம்பியூட்டர் கேமுக்குள் போய்க் குதிரைக்குப் புல்லுப் போட்டால் காணும் என்றாய். போட்டேன். நாலாம் நாள் குதிரை பார்த்த பார்வையில் ஒரு அலுப்புத் தெரிந்தது. சரி, பாவம், உலாத்தக் கூட்டிப்போவோம் என்று ஆற்றைத் தாண்டினால் அங்கே ஒரு பாழடைந்த பண்ணை. வேலி சரிந்து, கிணறு தூர்ந்து, கூரையில் பாதி இல்லை. ஆனால் உள்ளே நீட்டுக்கு ஒரு ஹோல், இரண்டு பக்கமும் குட்டிக் குட்டி அறைகள். என் கதிரைக்குப் பின்னால் நின்ற மாமி, "இஞ்சேருங்கோ, எங்கட அறையளைவிடப் பெரிசு. வெள்ளவத்தையில எண்டா இதுக்கு லக்ஷறி எண்டு போர்ட் போட்டிருப்பாங்கள்" என்றாள். நான் உள்ளே நுழையப் போக, அவளே தோளைப் பிடித்து இழுத்தாள். "சப்பாத்தோடயே போறியள்? ஆரோ வாழ்ந்த வீடப்பா!"

மாமி சொன்னால் எந்த உலகத்திலும் சட்டம். கழற்றி வாசலில் வைத்தேன். நீ நாலு மாதம் மாரடித்து வென்ற, நெருப்பில் வேகாத சப்பாத்து. வருகிற சனிக்கிழமை கூட்டாளிகளோடு எரிமலை ஏற நீ நம்பியிருக்கிற ஒரே சப்பாத்து.

அறை அறையாக மரியாதையோடு பார்த்துவிட்டு வெளியே வந்தால் வாசல் வெறுமை. கோயிலில் செருப்புப் போனால் பக்கத்தில் கிடக்கிறதை மாட்டிக்கொண்டாவது வீடு வரலாம், இங்கே அதுக்கும் வழியில்லை, பச்சைப் பூதம் ஒண்டு உன்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலி பாயுது, நான் வெறுங்காலோட துரத்தினன், தொட்டா எரியிற காஞ்சோண்டிப் பத்தைக்குள்ள விழுந்தன், செத்துப்போனன். வாளால் இல்லை, செடியால். "பூதத்திட்டச் செத்திருந்தாலும் நாலு பேருக்குச் சொல்லலாம்" என்று மாமிக்குக் கவலை.

ஆகவே சனிக்கிழமை நீ வெறுங்காலோடுதான் ஏற வேண்டும். கதிர்காமத்தில் தீ மிதித்த பரம்பரை நாங்கள், பயப்படாதே. சோதனையில் சித்தியடைய எங்கள் ஆசிகள். குதிரையும் உன்னை விசாரித்தது.

இப்படிக்கு,
பாதரட்சை காக்கத் தவறிய மாமா

பி.கு.: பண்ணைக்குள் நான் எடுத்து வைத்த படத்தை மாமி இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு அறையிலும் ஒரு வைக்கோல் தொட்டி இருக்கிறது. நாங்கள் சப்பாத்துக் கழற்றியது மாட்டுக்கொட்டிலுக்கு. வீடு அதற்குப் பின்னால்.