துண்டுக்கடியில் வாய்ப்பாடு

இது ஐம்பத்தேழில் நடந்ததா, ஐம்பத்தெட்டில் நடந்ததா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. விஷக்காய்ச்சல் வந்த வருஷம். யாரிடமாவது கேட்டுச் சரிபார்க்கலாம் என்றால், கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வருஷம் நினைவிருக்கிறது. யார் முதலில் பேசினார்கள், யார் பிறகு பேசினார்கள் என்பதையும் நான் மாற்றிச் சொல்லக்கூடும். துண்டு பச்சைக்கரைத் துண்டு. அதில் மட்டும் சந்தேகமில்லை.

"ஏழெட்டு எத்தனட்டி?" என்று மதலேனம்மாள் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

மகள் ஸ்டெல்லாமேரி மேலே பார்த்தாள்.

"ஓட்டுலயா எழுதியிருக்கு? கீழ பாத்துச் சொல்லு."

ஸ்டெல்லாமேரி கீழே பார்த்தாள். அங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தை அடைத்துப் பதினாறு நாளாகியிருந்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசலுக்கு நடுவில் இருந்த சின்ன ஊர் அது. வீட்டுக்கு ஒருவராவது போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். அடைத்த அன்று பூவனலிங்கம் வாத்தியார் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு வீடு வீடாக வந்தார். எல்லா வாசலிலும் ஒரே பேச்சுதான். இந்த வாசலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார்.

"தெறக்க அன்னைக்கே இன்ஸ்பெக்டர் வருதாரு. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் வீட்டுலயே சொல்லிக் குடுத்துருங்க. இவ மூணாப்புலயே ரெண்டு வருசம் இருந்துட்டா. அவரு கேட்டு இவ சொல்லிட்டான்னா நாலாப்புக்கு ஏத்திருவேன். இல்லன்னா..."

வாத்தியார் அதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைச் சொன்னவள் அடுத்த தெருவில் இருக்கிற நேசம்மாள், ஸ்டெல்லாமேரியின் அத்தை. தீப்பெட்டி ஆபீசில் பத்து வருஷமாக வேலை பார்ப்பவள்.

"இல்லன்னா என்ன, என்கூட அனுப்பு. குச்சி அடுக்கதுக்கு ஏழெட்டு எத்தனன்னு யாரும் கேக்க மாட்டாவ. கணக்கப்பிள்ளகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

பள்ளிக்கூடத்தை அடைத்தவர்கள் தீப்பெட்டி ஆபீசை அடைக்கவில்லை. அதனால் தினமும் காலையில் அந்த வழியாகப் போகும்போது வாசலில் நின்று கேட்டாள்.

"என்ன மதலேனா, பிள்ள தேறிட்டாளா, கூட்டிட்டுப் போவட்டா?"

"தேறிருவா மதினி. நீங்க போங்க, சங்கு ஊதிரப் போறான்."

மதலேனம்மாளுக்கு எழுத்து தெரியாது, செபமாலை தெரியும். ஆகவே மகள் புத்தகத்தைப் பார்த்து வாய்ப்பாடு வாசிக்க, இவள் வரிக்கு ஒரு மணியாக உருட்டினாள். ஒரு வாரத்தில் ஸ்டெல்லாமேரிக்குப் படிந்தது ஒன்றுதான். பத்தாவது வரி முடிந்ததும் தவறாமல் ஆமென் சொன்னாள். புத்தகத்தை மூடினால் அதுவும் வரவில்லை.

"இங்கேருங்க," என்று மதலேனம்மாள் கடைசியில் கணவன் பக்கம் திரும்பினாள். "சந்தையும் இல்லாம சும்மாதான இருக்கீங்க. நீங்க சொல்லிக் குடுங்க."

நேசமணி மாட்டுத் தரகர். கூட்டம் சேரக்கூடாது என்று சந்தையையும் நிறுத்திவிட்டதால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. கணக்கு நன்றாக வரும். பேச்சுதான் வராது. கல்யாணத்தன்று, இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா என்று சாமியார் கேட்டதற்குத் தலையை ஆட்டினார். வாயால் சொல்லவேண்டும் என்று சாமியார் மூன்று தடவை கெஞ்சினாராம்.

அவர் பேசுவதெல்லாம் சந்தையில், துண்டுக்கடியில். இரண்டு கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிடித்துக்கொண்டு போனால் ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து முடிந்தால் மறுபடி சுண்டுவிரலில் ஆறு. முதலில் பத்துகள், உள்ளங்கையில் ஒரு தட்டு, பிறகு ஒன்றுகள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை வெளியே போகாது.

"வாய் காட்டிக் குடுத்துரும். என் கை கல்லு. அதுலருந்து ஒருத்தன் ஒண்ணும் எடுக்க முடியாது." இதுதான் நேசமணி அதுவரை பேசியதில் நீளமான பேச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை பேசுவார்.

மகளை எதிரில் உட்காரவைத்தார். "ஏழெட்டு," என்றார்.

அவள் பேசவில்லை. அவரும் பேசவில்லை. வெளியே காற்று கிளம்பி அடங்கியது. வெகுநேரம் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்குமே அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைகள்மேலும் போட்டார். விரல்களின் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். "இப்பச் சொல்லு. ஏழெட்டு."

சின்னக் கை அவருடைய சுண்டுவிரலைப் பிடித்தது. யோசித்தது. அடுத்த விரல். மறுபடி யோசித்தது. ஐந்தில் நின்றது. தட்டியது. மறுபடி விரல் விரலாகப் போய் ஆறில் நின்றது.

"ஒம்பதாறு." ஐந்து, தட்டு, நான்கு.

"எட்டெட்டு." ஆறு, தட்டு, நான்கு.

நேசமணி அடுப்படிக்குப் போய், "வருது," என்றார்.

"என்ன வருது?"

"கணக்கு."

மதலேனம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "ஏட்டி, ஏழெட்டு எத்தன?"

ஸ்டெல்லாமேரி கையை நீட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லுட்டி. நீ என்ன மாடா வாங்கப் போற?"

வாய் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் மதலேனம்மாளும் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் அவளுடைய விரல்களைப் பிடிக்க ஆரம்பித்தாள். ஐந்தைத் தாண்டினாள், ஒன்பதைத் தாண்டினாள், மூன்றாவது சுற்று போனாள். எங்கேயும் நிற்கவில்லை.

"என்னங்க இவ, நிறுத்தாம போய்க்கிட்டே இருக்கா?"

"ஒனக்குக் கையைக் குடுக்கத் தெரியல," என்றார் நேசமணி.

"ஆமா, இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் கண்டுபிடிச்சிய."

செய்தி சுவர் தாண்டிப் போனது. மறுநாள் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணவேணி, ஸ்டெல்லாமேரியின் வகுப்புக்காரி, வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் ஆறு பேர். அந்த வாரக் கடைசியில் மகளோடு சேர்த்துப் பதினோரு பேர். முதல் நாள் எந்தப் பிள்ளைக்கும் வராது. ஸ்டெல்லாமேரி கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் விரல் பிடிக்கப் பழக்கிவிடுவாள். அடுத்த நாள் வந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி நிதானமாக, ஒவ்வொரு விரலிலும் யோசித்து யோசித்துப் பிடித்தார்கள். அவசரப்படாத பிள்ளைகள் என்று நேசமணிக்குப் பெருமை. கைதான் வீங்கிவிட்டது.

"ஊரெல்லாம் காய்ச்சல். இத்தன பிள்ளைகளும் உங்க கையப் பிடிச்சா என்னத்துக்கு ஆவும்?" என்றாள் மதலேனம்மாள்.

"துண்டு போட்டிருக்கேன்லா," என்றார் அவர்.

அவள் மஞ்சள் கரைத்த வெந்நீரைப் பானையில் வாசலில் வைத்தாள்.

வாசலில் பானையும், உள்ளே துண்டும், சத்தமே இல்லாத கூட்டமும் யாருக்கோ சந்தேகத்தைக் கிளப்பின. தலையாரி வெயிலுமுத்து கம்போடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, சந்தை கூடக்கூடாதுன்னு தண்டோரா போட்டது நான்தான். வீட்டுக்குள்ள வச்சு நடத்துதீங்களாமே?"

நேசமணி தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். வெயிலுமுத்து ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் மாடுகளைத் தேடினார். ஒரு சேவல்தான் இருந்தது.

"மாடு எங்க?"

"வாய்ப்பாடு," என்றார் நேசமணி.

"மாட்டுக்கு அப்படி ஒரு பேரா?"

மதலேனம்மாள் குறுக்கே வந்து விளக்கினாள். வெயிலுமுத்து கடைசிவரை நம்பவில்லை. போகும்போது சேவலை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் திறக்க மூன்று நாள் இருந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் வாயால் சொல்லவேண்டுமே என்ற கவலை அப்போதுதான் நேசமணிக்கு வந்தது. துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்ப்பது என்று முடிவுசெய்தார். துண்டுக்குப் பதில் கைக்குட்டை போட்டார். ஸ்டெல்லாமேரி சரியாகச் சொன்னாள். கைக்குட்டையை எடுத்துவிட்டு வெறும் கையைக் கொடுத்தார். அப்போதும் சொன்னாள். கையையும் எடுத்தார்.

ஸ்டெல்லாமேரி மேலே பார்த்தாள்.

அன்று சாயங்காலம் நேசம்மாள் புதிதாக ஒரு தூக்குச்சட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். மூடியில் ஆணியால் ஸ்டெல்லாமேரியின் பெயரைக் குத்தியிருந்தாள்.

"சோறு கொண்டு போவணும்லா," என்றாள்.

மதலேனம்மாள் அதை வாங்கி அடுக்குப்பானைக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு வேளை அவள் யாரிடமும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அந்த வீட்டில் நேசமணியின் வேலை. அதையும் அவள் எடுத்துக்கொண்டதும் அவருக்குப் பயமாகிவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று பச்சைக்கரைத் துண்டைத் துவைத்து உலர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு மகளோடு போனார். இன்ஸ்பெக்டர் கிருஷ்ணராஜ் காய்ச்சலிலிருந்து எழுந்து நாலு நாள் ஆகியிருந்தது. நாற்காலியில் கழுத்துவரை மப்ளர் சுற்றி உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வகுப்பில் முதல் பெயர் ஸ்டெல்லாமேரி.

"எட்டேழு?"

ஸ்டெல்லாமேரி கையை நீட்டினாள்.

"என்ன சார் இது? பிரம்படியா கேக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பூவனலிங்கம் வாத்தியார் தரையைப் பார்த்தார். நேசமணி உள்ளே வந்தார். அதுவரை பேசியதைவிட நீளமான பேச்சை அன்றுதான் பேசினார்.

"ஐயா, நான் மாட்டுத் தரகன். எனக்கு வாயில சொல்லிக் குடுக்க வராது. கையிலதான் சொல்லிக் குடுத்தேன். குத்தம் என் பேர்ல. பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். ஒரு துண்டு மட்டும் போட்டுக்கிடுங்க."

இன்ஸ்பெக்டர் அவரையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க தாத்தாவும் மாடு வாங்கதுக்கு இப்படித்தான் கையப் போடுவாவ," என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார்.

எட்டேழு ஐம்பத்தாறு. பன்னிரண்டு ஆறு எழுபத்திரண்டு. பதிமூன்று ஏழு தொண்ணூற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் துண்டுக்கடியில் சின்னக் கை நிதானமாக நகர்ந்து நின்றது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு விடையையும் வகுப்புக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். அவர் முகத்தில் காய்ச்சல் களை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"கடைசியா ஒண்ணு. பதினாலு ஆறு?"

கை நகர்ந்தது. எட்டு. தட்டு. மறுபடி நகர்ந்தது. நின்றது.

"எண்பத்தாறு. ரொம்பச் சரி," என்றார் இன்ஸ்பெக்டர்.

பூவனலிங்கம் வாத்தியார் வாயைத் திறந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மூடிக்கொண்டார். நேசமணி மனத்துக்குள் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தார். இரண்டு தடவையும் எண்பத்துநான்குதான் வந்தது. அவரும் வாத்தியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைவிட நீண்ட ஒரு மௌனத்தை நேசமணியே அதற்கு முன் கண்டதில்லை.

"இந்தப் பிள்ளைய நாலாப்புக்கு ஏத்துங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "வேற யாருக்குத் துண்டு வேணும்?"

பத்துக் கைகள் நீண்டன. பத்தும் தேறின.

வீட்டுக்குத் திரும்பும்போது கிருஷ்ணவேணியும் கூட வந்தாள். பாதி வழியில் நேசமணி வேலிமரத்து நிழலில் நின்றார்.

"ஏட்டி, பதினாலு ஆறு எத்தன?"

ஸ்டெல்லாமேரி வானத்தைப் பார்த்தாள்.

"பின்ன அங்கன எண்பத்தாறுன்னு எப்படிச் சொன்ன?"

கிருஷ்ணவேணிதான் சொன்னாள்.

"அவளுக்கு வாய்ப்பாடெல்லாம் தெரியாது மாமா. கேக்கவுக நினைக்க விடைக்கு வந்தொடனே அவுக கை லேசாத் தளந்துரும், அங்கன நிப்பாட்டிரணும். உங்க கையைப் படிக்கதுதான் எல்லாத்துலயும் லேசுன்னு சொல்லி எங்க பத்துப் பேருக்கும் அதுலதான் பழக்கிவிட்டா."

அந்த வருஷம் முழுவதும் நேசமணி பதினோரு பிள்ளைகளுக்கும் சாயங்காலம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், வாயால், தெருவுக்கே கேட்கும்படி. ஸ்டெல்லாமேரி எட்டாவது வரை படித்து, பிறகு தூத்துக்குடியில் நர்ஸ் ஆனாள். கிருஷ்ணவேணி இடைசெவலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். தூக்குச்சட்டியில் நேசம்மாளே கடைசிவரை சோறு கொண்டுபோனாள். இன்ஸ்பெக்டருக்கு உத்தியோக உயர்வு கிடைத்தது. பூவனலிங்கம் வாத்தியார் எண்பத்துநான்கைப் பற்றி யாரிடமும் பேசாமலே ஓய்வு பெற்றார். நேசமணி மாட்டுத் தரகை விட்டுவிட்டுக் கோவில்பட்டியில் பருத்தி மூட்டை நிறுக்கும் வேலைக்குப் போனார்.