இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே மாமா

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லாததால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் படுத்திருக்கும் அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், கணினி அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மூன்று மாடி ஏறி வந்து தங்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

இங்கே இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் மருந்தகத்துக்கும் தனித்தனிக் கணினி. அவற்றில் உள்ள விவரங்களைத் தினமும் நகலெடுத்து வைப்பது என் வேலை. திங்களன்று மூன்றாம் மாடியைப் பத்து மணிக்கு நகலெடுத்தேன், ஒரு டீ குடித்தேன், பத்தரைக்கு இரண்டாம் மாடியை எடுத்தேன். நடுவில், பத்தே காலுக்கு, தங்களை இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். செவ்வாய் காலை மின்சாரம் எகிறி இரண்டு மாடிக் கணினிகளும் படுத்துவிட்டன. நகல்களைப் போட்டு எழுப்பினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாம் மாடி தங்களை அனுப்பியாயிற்று என்றது, மூன்றாம் மாடி இன்னும் வந்து சேரவில்லை என்றது, எந்த மாடியிலும் இல்லாதவருக்கு மாத்திரை எதற்கு என்று மருந்தகம் நிறுத்திவிட்டது. தாங்களோ கேட்டால் தொந்தரவு என்று வாயே திறக்காமல் இரண்டு வேளை இதய மாத்திரைக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். மயங்கிச் சாய்ந்த பிறகுதான் நர்ஸம்மா ஓடிவந்து, திரையைப் பார்க்காமல் நாடியைப் பார்த்து, மாத்திரை கொடுத்து, கட்டிலில் ஒரு காகிதம் ஒட்டினாராம்: "இவர் இருக்கிறார்."

அதே நேரம் கீழே வரவேற்பில் அத்தையிடம், அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தை அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு, பிளாஸ்க்கும் கையுமாகப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஓடிப்போய் எல்லாவற்றையும் விளக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள்: "முப்பத்தெட்டு வருஷமா நான் பத்திரமா வச்சிருந்த மனுஷனை, ஒரு டீ குடிக்கிற நேரத்துல தொலைச்சிட்டீங்களே மாப்பிள்ளை."

தங்கள் மகள் அதன்பின் என்னிடம் பேசவில்லை.

இனி எல்லா நகலும் ஒரே நொடியில் எடுக்கப்படும், இது சத்தியம். இப்போதைக்கு, மூன்று கணினிகளும் கடைசியாக ஒத்துப்போயிருந்த ஒரு நொடியைத் தேடிப் பிடித்துவிட்டோம். மூன்றையும் அந்த நொடிக்குத் திருப்பிவிட்டால் ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்காது. மதியத்துக்குள் முடிந்துவிடும். அதுவரை மாத்திரையை மட்டும் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் மன்னிப்பையும் பிறகு ஆசியையும் வேண்டும்,
தங்கள் மருமகன்.

பின்குறிப்பு: வேலை முடிந்தது. மூன்று கணினிகளும் இப்போது ஒரே குரலில் பேசுகின்றன. அந்த நொடி, ஞாயிறு காலை ஏழு மணி. தாங்கள் வந்து சேர்ந்தது அன்று ஒன்பதுக்கு. ஆகவே தாங்கள் இந்த ஆஸ்பத்திரிக்கே வரவில்லை என்று மூன்றும் ஒருமனதாகச் சொல்கின்றன. பேனாவுடன் மேலே வந்துகொண்டிருக்கிறேன். விடுபட்டவர்களை எல்லாம் கையால் எழுதிச் சேர்க்க, தங்கள் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.