குடல் துரை சொன்ன சாட்சி

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், பாகூர் கொம்யூனில் பூனைகள் ஒருமனதாக வெறுத்த மனிதர் ஒருவர் இருந்தார். ஊரார் அவரைக் குடல் துரை என்றார்கள். வெள்ளைக்காரர் அல்ல, நம்மைப் போலக் கறுத்தவர்தான். பிரான்சுக்குப் போய் மீன்களைப் பற்றிப் படித்துவிட்டு, கால்சட்டையும் தொப்பியுமாகத் திரும்பியவர் என்பதால் துரை. மீன் குடலைக் கேட்டு வாங்கியதால் குடல் துரை.

ஏரிக்கரையில் பெண்கள் மீன் ஆயும்போது வாழை இலையோடு போய் நிற்பார். பக்கத்தில் பூனைகளும் நிற்கும். மீன் விற்கும் அஞ்சலை ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"இன்னா தொர, மீன வுட்டுட்டுக் கொடல கேக்குற?"

"மீன நீ தின்னும்மா. அது இன்னா தின்னுச்சின்னுதான் எனக்குத் தெரியணும்."

"நான் இன்னா தின்னேன்னு இந்த ஊர்ல ஒருத்தன் கேட்டதில்ல. மீனு குடுத்து வச்சது" என்றவள், பூனையை விரட்டிவிட்டு இலையை நிரப்பினாள்.

அவர் மூல வியாதிக்கு மருந்து செய்கிறார் என்று ஊர் முடிவு செய்தது. அபிஷேகப்பாக்கத்திலிருந்து ஒருவர் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து, கண்ணாடித் தட்டில் மிதந்ததைப் பார்த்துவிட்டு, வியாதியோடே திரும்பிப் போனார்.

துரை செய்தது ஆராய்ச்சி. ஏரிக்குள் இருந்த கருவேலந்தோப்பில் நீர்க்காகங்கள் கூடு கட்டும். அவற்றின் எச்சம் நீரில் விழுகிறது, அதனால் பாசி வளர்கிறது, பாசியைத் தின்று கெண்டை கொழுக்கிறது என்பது அவர் பல வருடங்கள் குடல்களைக் கழுவிக் கண்டது. நீர்க்காகம் உளுவை என்ற சேற்று மீனையும் நண்டையும்தான் தின்னும், கெண்டையை அதிகம் தொடாது என்றும் சொல்லிவந்தார். "மரம், பறவ, மீனு எல்லாம் பங்காளிங்க. ஒருத்தர வெட்னா எல்லாருக்கும் தீட்டு" என்பார்.

மீன்குத்தகை எடுத்திருந்த ஏகாம்பரம் அந்தப் பங்காளி உறவை ஏற்கவில்லை. பறவைகள் தன் மீனைத் திருடுகின்றன, தோப்பை வெட்ட வேண்டும் என்று கொம்யூன் தலைவரான மேரிடம் முறையிட்டார். கூடுகளில் குஞ்சுகள் இருந்தன. தோப்பு போனால் அவை தண்ணீரில் விழும். துரையின் ஆராய்ச்சியும் பாதியில் நிற்கும். அந்த வாரம் அவர் யாரிடமும் குடல் கேட்கவில்லை.

மேர் கரைக்கு வந்தார். நான் பத்திரிகைக்காக உடன் போயிருந்தேன். ஏகாம்பரத்தின் ஆட்கள் கோடாரியோடு நின்றார்கள். அன்று காலை வலையில் சிக்கிச் செத்த ஒரு நீர்க்காகம் புல்லில் கிடந்தது.

"அறுத்துப் பாத்துடலாம். உளுவையா இருந்தா மரம் நிக்கும், கெண்டையா இருந்தா வெட்டலாம்" என்றார் மேர். இருவரும் சம்மதித்தார்கள். கத்தி துரையின் கையில்.

வயிற்றுக்குள் இருந்தது அரைகுறையாகச் செரித்த கூழ். எந்த மீன் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. துரை அதைத் தண்ணீரில் அலசி, கடுகளவு துணுக்குகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கெண்டைக்குப் பல் தொண்டையில் இருக்கும் என்று எனக்கு அவர் முன்பே காட்டியிருந்தார். துணுக்குகளை ஒருமுறை எண்ணிவிட்டு, மறுபடியும் எண்ணினார்.

"இன்னாங்க துரை, உளுவையா?" என்றார் மேர்.

"இல்லீங்க. கெண்டை. எல்லாமே கெண்டைதான். நான் சொன்னது தப்பு."

மேர் பெருமூச்சு விட்டார். "ஏகாம்பரம், வெட்டிக்கோ."

ஏகாம்பரம் நகரவில்லை. வரப்புக்காக, வேப்பமர நிழலுக்காக, அடுத்த வீட்டுச் சேவல் கூவியதற்காக எல்லாம் வழக்காடியவர் அவர். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் ஆளை எந்த வழக்கிலும் பார்த்ததில்லை.

"இருங்க. இதுல இன்னாவோ சூது இருக்குது. பொய் சொன்னா யாருக்குத் தெரியப் போவுது? எவனாவது தானே தோத்துப் போவானா? மரத்த வெட்டுனதும் என்ன வேற எதுலயோ மாட்ட வைக்கப் பாக்குறான். நான் வெட்ட மாட்டேன்."

இதில் நியாயம் இருப்பதாகக் கூட்டமும் ஒப்புக்கொண்டது. கோடாரிகள் வீடு திரும்பின.

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு போயிருப்பார்கள். துரை மறுநாள் காலையில் ஏகாம்பரத்தின் வாசலில் நின்றார்.

"ஏகாம்பரம், நான் நெசமாவே தோத்துட்டேன்பா."

"அப்ப வெட்டச் சொல்றியா?"

"அய்யோ, வெட்டாத. ஒரு பறவயோட கொடல வச்சி முடிவு பண்ணக் கூடாது. ஆனா, நான் சூது பண்றேன்னு நெனச்சிக்கிட்டு வெட்டாம இருக்காத."

ஏகாம்பரம் உள்ளே திரும்பி மனைவியிடம் கத்தினார்: "கேட்டியாடி? வெட்டாதன்றான், வெட்டாம இருக்காதன்றான். சாதாரண ஆளு இல்லடி இவன்!"

துரை பலமுறை போனார். ஒவ்வொரு முறையும் ஏகாம்பரத்தின் சந்தேகம் பலப்பட்டது, தோப்பு பிழைத்தது.

குஞ்சுகள் சிறகடிக்கத் தொடங்கிய சமயம், என்னைத் தோணியில் தோப்புக்கு அழைத்துப் போனார். அண்ணாந்து பார்த்தபடி நின்றார். தொப்பியில் எச்சம் சொட்டிக்கொண்டிருந்தது.

"சந்தோஷம்தானே?" என்றேன்.

"சந்தோஷம்தான். ஆனா, நான் சொன்னத ஒருத்தராவது நம்பியிருக்கலாம்."

"நான் நம்பினேன்" என்றேன். குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தேன். குஞ்சுகளை மறைக்கிறது என்று மெல்ல விலக்கினார். நானும் குடையை மடக்கிவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன்.