வின்சன்றின் வலது கை

புதன்கிழமை இரவு தட்டில் நண்டுக்கறியைக் கண்டதும் வின்சன்ற் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார்.

"வேலை நாளில நண்டோ? ஆர் வாங்கினது?"

"ஆரோ தந்தது. ஆறமுதல் சாப்பிடுங்கோ," என்றாள் மனைவி புளோறன்ஸ், அவர் முகத்தைப் பார்க்காமல்.

துறைமுகத்தில் நிரந்தர உத்தியோகம் பார்க்கும் மனிதனைக் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் யாராவது குழைந்து உபசரித்தால் அதற்கு ஒரே காரணம்தான்: வங்கிக் கடனுக்குப் பிணைக் கையெழுத்து. மச்சான் ரொனியும் கட்டிப்பிடித்துத்தான் கையெழுத்து வாங்கினான். பிறகு அவன் கனடாவுக்குப் பறந்தான். கடனை வின்சன்றின் சம்பளம் கட்டியது. அன்றிலிருந்து யாராவது சிரித்தாலே அவர் பேனையைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொள்வார்.

நண்டின் இரண்டாவது காலை உடைக்கும்போது விஷயம் வந்தது.

"முன்னறையில ஒரு கடை போடப்போறன். மெழுகுதிரி, செபமாலை, கோயிலில முதல்நன்மை வாங்கிற பிள்ளையளுக்குச் சட்டையள். லோனுக்கு எழுதிப் போட்டிட்டன். அரசாங்கமே பிணை நிக்குதாம்."

"எனக்கு ஓவர்டைம் தர அழுகிற அரசாங்கம், உனக்குச் சைன் வைக்குமோ?"

"ஏன், நான் என்ன கனடாவுக்கோ ஓடப்போறன்?"

 அடுத்த நாள் காலையில் வின்சன்ற் வலது மணிக்கட்டில் பெரிய பண்டேஜோடு எழும்பி வந்தார்.

"பாத்ரூமில வழுக்கிட்டுது. பேனை பிடிக்கேலாது."

அலுவலகத்தில் சீஃப் கிளார்க் ஜெயகுமார் கட்டைப் பார்த்தார். "எழுதேலாத கிளார்க்கை வச்சு நான் என்ன செய்ய?" என்று சம்பளமில்லாத லீவில் திருப்பி அனுப்பினார். வீட்டில் பக்கத்து வீட்டு டோரின் எண்ணெய்ப் போத்தலோடு காத்திருந்தாள். சுளுக்கு என்று அவள் இழுத்த இழுப்பில், அதுவரை பொய்யாக இருந்த வலி மெய்யானது.

சனிக்கிழமை மறுபடி நண்டு. முந்தியதைவிடப் பெரியது. இடக்கையில் கரண்டியோடு வின்சன்ற் போராட, நண்டு தட்டிலிருந்து பாய்ந்து கதிரைக்குக் கீழே போனது.

புளோறன்ஸ் சிரித்துக்கொண்டே இன்னொன்றை உடைத்து, சதையைச் சோற்றோடு பிசைந்தாள். "ஆ காட்டுங்கோ."

கல்யாணமான புதிதில்கூட அவள் ஊட்டியதில்லை. வின்சன்றின் மனம் இளகியது. சந்தேகமும் இரண்டு மடங்காகியது.

"உந்தக் கை சுகமாகாட்டி எனக்குக் கடை வேண்டாம்," என்றாள் அவள். "உங்களைப் பாக்கிறதோ, கடையைப் பாக்கிறதோ? லோன் பாக்கிற பாங்க் தம்பி வந்தால் சொல்லிவிடுறன்."

வின்சன்ற் பண்டேஜ் கையை மேசைக்குக் கீழே ஒளித்தார்.

திங்கட்கிழமை பாங்க் தம்பி கிஷாந்த் வந்தான். கட்டைப் பார்த்ததும் அவன் முகம் வாடியது.

"ஐயோ அங்கிள், வலது கையோ?"

வந்துவிட்டது என்று வின்சன்ற் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒளிக்காமல் சொல்லும் தம்பி. நான் எதில சைன் வைக்கோணும்?"

"ஒண்டிலயும் இல்ல அங்கிள். பிணை அரசாங்கம்தான். அன்ரியின்ர லோன் பாஸ்!"

"வேண்டாம் தம்பி," என்றாள் புளோறன்ஸ். குரல் உடைந்தது. "இவருக்குக் கை இப்பிடி..."

வின்சன்ற் பண்டேஜைப் பிய்த்து எறிந்தார். மணிக்கட்டை எல்லாப் பக்கமும் சுழற்றிக் காட்டினார். "கைக்கு என்ன? இரும்பு! நீ கடையைத் திற!"

புளோறன்ஸ் அவரையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ஏன் உங்களுக்கு ஊட்டினனான்?"

கிஷாந்தின் முகம்தான் விளக்குப் போட்டது போலாகியது. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, வின்சன்றின் சுகமான கைக்குள் பேனையை மெல்ல வைத்தான்.

"நல்லதாப் போச்சு அங்கிள். என்ர கல்யாண லோனுக்கு அரசாங்கம் பிணை நிக்காது... நான் குடுத்துவிட்ட நண்டு ரெண்டு தரமும் நல்லா இருந்ததோ?"