குழிகளுக்குப் பெயர் வைத்த பெல்லு

சப்ரகமுவ மாகாணத்தில் பெல்லுவிடம் ஏச்சு வாங்காத உயிர் ஒன்று இருக்கிறது என்றால், அது இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். அட்டையை ஏசுவார். மழையை ஏசுவார். பலாப்பழம் பாதையில் விழுந்தால் மரத்தை நிமிர்ந்து பார்த்து, "கண்ணு தெரியலயா ஒனக்கு? ஆளு நடமாடுற எடம்ல?" என்று கேட்பார். ஒருமுறை கோயிலில் அம்மனுக்கு முன்னால் நின்று, "நீயும் சும்மா ஒக்காந்துக்கிட்டே இரு" என்றார். பூசாரி கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் தோட்டத்துத் தபால்காரர் அவர், எங்கள் பேச்சில் தப்பால்காரர். மேல் டிவிஷனிலிருந்து தெரணியகலை தபால் கந்தோருக்கு, ஆற்றோரமாகவே இறங்கும் கிரவல் மண் பாதையில், தினமும் பைசிக்கிளில் போய் வருவார். அந்தப் பைசிக்கிளில் பெல் கிடையாது. தேவையும் இல்லை. இரண்டு வளைவுக்கு முன்னாலேயே ஏச்சுச் சத்தம் வந்துவிடும். கோழி, நாய், கங்காணி எல்லாம் ஒதுங்கிவிடும். அதனால் பெல்லு. சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

பாதை என்றா சொன்னேன்? மன்னிக்கவும். வரிசையாகக் குழிகள் இருந்தன, நடுநடுவே கொஞ்சம் பாதையும் இருந்தது. செய்து தருகிறேன் என்று யார் யார் வாக்குக் கொடுத்தார்களோ அவர்கள் பெயரை பெல்லு ஒவ்வொரு குழிக்கும் வைத்திருந்தார். மந்திரி குழி, மாஜி மந்திரி குழி, தோட்ட மேனேஜருக்குத் தொரை குழி, சங்கத் தலைவருக்குத் தலைவர் குழி. ஒரு மெம்பர் இரண்டு தடவை வாக்குக் கொடுத்ததால் அவருக்கு மட்டும் இரண்டு.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் என்னைக் கண்டால் கத்துவார். "டீச்சர், பாத்துப் போங்க! ராத்திரி மழைக்கி தலைவர் நெறைஞ்சு கெடக்குறாரு!"

ஒரு நாள் சங்கத் தலைவரே பக்கத்தில் நின்றார். "யாரடா சொல்ற?"

"ஒங்களத்தான். ஒங்க பேர்ல ஒரு குழியாவது இருக்குதே, சந்தோசப்படுங்க."

இதுவரை சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். இனி முடியாது. எங்களுக்கு எதிர் வரிசை வீடான லயத்துச் செல்விக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஆட்டோக்காரன் கீழே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வரமாட்டேன் என்றுவிட்டான். தேயிலைக் கொழுந்து ஏற்றும் டிராக்டரில் அவளைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். தொரை குழியில் சக்கரம் இறங்கியது. ஒரு மணி நேரம் தள்ளினார்கள். பிள்ளை டிராக்டரிலேயே பிறந்தது. தங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குழி வந்தால் பெல்லு இறங்கி, பைசிக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவார். அப்போது எனக்கு ஏழு மாதம். பாதையைச் செய்து தரச் சொல்லி வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், தோட்ட நிர்வாகத்துக்கும் மேலே உள்ள எல்லாருக்கும். எல்லாவற்றையும் பெல்லுதான் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள ஐயா வந்து சேர்ந்தார், நாங்கள் டூர் மாத்தயா என்போம். தார் போடாத பாதையில் ஓடுவதற்கென்றே தடித்த டயர் வைத்த பைசிக்கிள் இருக்கிறதாம். அதில் வெளிநாட்டுக்காரர்களை மலையிலிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகவே இறக்கி, நாலு நாளில் நீர்கொழும்புக் கடற்கரைவரை கூட்டிப்போவது அவருடைய தொழில். எங்கள் பாதையை நடந்து பார்த்தார். தலைவர் குழிக்குள் இறங்கி நின்று செல்ஃபி எடுத்தார். "என்ன ரோட்! என்ன ரோட்!" என்று பூரித்துப்போனார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன். இந்த மனிதருக்குப் பைத்தியம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அறிவித்தார். "அடுத்த மாசம் வெளிநாட்டுக்காரங்க நம்ம ரோட்டப் பாக்க வாறாங்க." அவ்வளவுதான் சொன்னார். எங்கள் சனத்துக்கு இது போதும். தொரை வந்தாலும் சரி, சாமி ஊர்வலம் வந்தாலும் சரி, ஆள் வருகிறது என்றால் பாதையைச் செய்ய வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் போட்டோம். ஆற்றிலிருந்து கல் சுமந்து, கிரவல் கொட்டி, இடித்து இறுக்கி, ஓரத்துக் கல்லுக்கு வெள்ளை அடித்து, தோரணமும் கட்டியாயிற்று. மேற்பார்வை பெல்லு.

"சப்பையா வைடா கல்ல! ஒன் மூஞ்சி மாதிரியே கோணலா வைக்கிறியே!"

தொரை குழிக்கு மட்டும் அவரே கல் போட்டார். யாரையும் கிட்டே விடவில்லை. அடுத்த நாள் ஓர் ஆட்டோ எங்கள் லயத்து வாசல் வரை ஏறி வந்தது. என் வாழ்நாளில் முதல் தடவை. நான் அதைத் தொட்டுப் பார்த்து அழுதேன்.

வெளிநாட்டுக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் காலையில் டூர் மாத்தயா வந்தார். பாதையைப் பார்த்தார். தலையில் கை வைத்தார். "மேக்க கவுத கெருவே?" என்று சிங்களத்தில் அலறினார். யார் செய்தது என்று கேட்கிறார், பாராட்டப் போகிறார் என்று நினைத்து முப்பது பேர் பெருமையாகக் கை தூக்கினார்கள்.

"ஐயோ, குழி வேணும்! குழி இல்லாட்டி அவங்களுக்கு போர் அடிக்கும்!"

போர் அடிக்குமாம்! எங்களுக்குப் பிள்ளை போகிறது, அவர்களுக்குப் போர் அடிக்கும்!

தோட்டக் கந்தோருக்குள் அவரும் தொரையும் என்ன பேசினார்களோ, அரை மணி நேரத்தில் கணக்கப்பிள்ளை வந்து நின்றார். "எல்லாரும் மம்பட்டி எடுங்க. பழையபடி வெட்டி விடணும். வெட்டுற ஆளுக்கு முழுநாள் சம்பளம். அவங்க போன பொறகு மூடிக்கலாம்."

பன்னிரண்டு நாளாக மழை. தேயிலை போக எங்கள் தோட்டத்தில் பாதி ரப்பர்; மழையில் பால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. சனம் என்ன செய்யும்? ஆனாலும் சொல்கிறேன், முதலில் மம்பட்டியைத் தேடியது என் வீட்டுக்காரர்.

"எங்க வச்ச அத?"

"எதுக்குங்க?"

"ஒரு நாளைக்கித் தானே..."

"ஒரு நாளா? எனக்கு எந்த நாளு வலி வரும்னு அந்த டூர் மாத்தயாகிட்டயே கேட்டுச் சொல்லுங்க!"

தலையைக் குனிந்துகொண்டே மம்பட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அந்த மம்பட்டி என் கையில் கிடைத்திருந்தால் கதையே வேறு.

ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அப்போதுதான் தப்பாலை எடுத்துக்கொண்டு பெல்லு மேலே வந்தார். விஷயத்தைக் கேட்டார். பைசிக்கிளைப் பாதையில் போட்டுவிட்டு நேராக என் வீட்டுக்காரரிடம் வந்தார்.

"வெட்டு. நல்லா ஆழமா வெட்டு. நாளையில இருந்து இது ஒன் குழி. போகையில ஒருக்கா, வரையில ஒருக்கா ஒன் பேரச் சொல்லிக் கத்துவேன். ஒன் பொண்டாட்டி இதுல மாட்டுனாலும் ஒன் பேரத்தான் கத்துவேன்."

அடுத்தவரிடம் திரும்பினார். "நீ எந்தக் குழி? சீக்கிரம் சொல்லு, எனக்கு தப்பால் குடுக்கணும்."

அப்படியே வரிசையாக வந்தவர், செல்வியின் புருஷன் முன்னால் வந்ததும் நின்றார். அவர் கையிலும் மம்பட்டி. பெல்லு வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை. செல்வியின் புருஷன்தான் மம்பட்டியை முதலில் கீழே வைத்தார். பிறகு எல்லாரும் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் ஐந்தாவதோ ஆறாவதோ. அதையும் நான் மறக்கவில்லை.

டூர் மாத்தயா வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே பாதை இன்னும் மோசமாம், பாக்கியசாலிகள்! அந்த வெளிநாட்டுக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆசைக்கு ஓடுகிறார்கள், ஓடிவிட்டுப் போகட்டும். பாதை கேட்ட கடிதங்களுக்கு ஒரு வரி பதில் எழுதாத கை, குழி கேட்டதும் அரை மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டதே, அந்தக் கை மேல்தான் என் கோபமெல்லாம். இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

அடுத்த திங்கட்கிழமை பெல்லுவிடமிருந்து தப்பால் பையை வாங்கிக்கொண்டு, தண்டனையாகப் பாதையோரம் புல் வெட்ட விட்டார்கள். ஒரு வாரம் முழுக்கப் புல்லை ஏசினார்.

எனக்கு வலி வந்தது ஒரு காலை பத்து மணிக்கு. போன் போட்டதும் ஆட்டோ வாசலுக்கே வந்துவிட்டது. முதல் வளைவில் பெல்லு புல் வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நான் இருப்பதைப் பார்த்தார். கத்தியை எறிந்தார். ஆட்டோவுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். மழைக்கு உருண்டு கிடந்த கல்லையும் விழுந்து கிடந்த கொப்பையும் அள்ளி எறிந்துகொண்டே, அறுபது வயது மனிதர், பாலம் வரை ஓடினார். டிரைவர் ஹாரன் அடித்தால், "அடிக்காதடா, புள்ளத்தாச்சி பயந்துருவா!" என்று திரும்பிக் கத்தினார். தொரை குழி இருந்த இடத்தில் ஆட்டோ ஆடக்கூட இல்லை.

பாலத்தருகே ஆட்டோ நின்றதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மாமா" என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் வலி வந்து பெரிதாகக் கத்திவிட்டேன். இவ்வளவு நாளும் என்னை டீச்சர் என்று மட்டுமே கூப்பிட்டவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏசினார்.

"ஏய் புள்ள, எதுக்கு இப்ப கத்துற? ஒன்னுமே ஆகாது, பேசாமப் போ! போய் உசுரோட பெத்துக்கிட்டு, உசுரோட திரும்பி வா!"

அப்படியே வந்தேன், மகளோடு. என்னை அதைவிட நன்றாக இந்த உலகத்தில் யாரும் வாழ்த்தியதில்லை.