ஆறு வார முட்டி

முட்டியில் போட்ட துளை என்னவோ இரண்டுதான். அதை வைத்துக்கொண்டு ஆறு வாரம் மகாராஜாவாக வாழ்ந்துவிடுவது என்று கலெக்டர் ஆபீஸ் கிளார்க் சுப்புராயன் முடிவு கட்டிவிட்டார்.

சிதம்பரத்து டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "பென்சில் கனத்துல ஒரு கேமராவ உள்ள விட்டு, கிழிஞ்ச ஜவ்வைச் செதுக்கிட்டோம். சாயங்காலமே எழுந்து நடங்க. பத்து நாள்ல தையல் பிரிச்சிடலாம். பதினஞ்சாம் நாள் ஆபீஸ் போங்க."

அந்த நேரம் பார்த்து மனைவி தனத்தை மாத்திரை வாங்க அனுப்பியிருந்தார் சுப்புராயன்.

"டாக்டர் என்ன மாமா சொன்னாரு?"

"ஆறு வாரம் கால் தரையிலயே படக்கூடாதாம்."

"ஐயையோ! பாத்ரூமுக்கு?"

"அதுக்கு மட்டும் பர்மிஷன் குடுத்திருக்காரு."

கடலூர் முதுநகரில் அவர்களுக்கு மாடி வீடு. குழாய் கீழே. நடுவில் பதினெட்டுப் படி. தினம் எட்டுக் குடம் தூக்குவது அதுவரை சுப்புராயனின் வேலை. இப்போது தனம் தூக்கினாள். அவர் மெடிக்கல் லீவை நீட்டிவிட்டு, இலவசக் கலர் டிவியில் கிரிக்கெட் பார்த்தபடி, "காப்பியில சக்கரை ஜாஸ்தி" என்றார்.

ஐந்தாம் வாரம், பதினாலாவது படியில் தனத்தின் கால் பிசகியது. குடம் உருண்டு கீழே போனது. அவள் எழவில்லை. சுப்புராயன் கட்டிலிலிருந்து குதித்து ஓடிவந்தார். அந்த ஓட்டத்தை வலியிலும் தனம் பார்த்துவிட்டாள்.

அதே டாக்டர், அதே ஜவ்வு, அதே இரண்டு துளை. இந்தத் தடவை மாத்திரை வாங்கப் போனது சுப்புராயன்.

"டாக்டர் என்ன சொன்னாரு தனம்?"

"ஆறு வாரம் மாமா. கால் தரையிலயே படக்கூடாதாம்."

பொய் என்று அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத்தான் வாயில்லை. குடம் தூக்கினார். பதினாலாவது படியில் கால் வைக்கும்போதெல்லாம் மனசு உறுத்தியது. இருபது வருஷத்தில் தலைவலி என்றுகூடப் படுக்காதவள். அவளை ஆபரேஷன் மேசை வரைக்கும் கொண்டுபோனது தன் சோம்பல்தானே!

முப்பத்தெட்டாம் நாள் தாங்க முடியவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"தனம், என் ஆறு வாரம் பொய்யி. டாக்டர் அன்னிக்கே நடக்கச் சொன்னாரு. என்னாலதான் உன் கால் போச்சு. என்னை மன்னிச்சுடு." கண் கலங்கிவிட்டது.

தனம் எழுந்தாள். விறுவிறுவென்று நடந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டினாள். திரும்பி வந்து படுத்து, போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"டாக்டர் என்கிட்டயும் அதேதான் சொன்னாரு மாமா. மன்னிச்சிட்டேன். ஆனா இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கு. கொழாயில தண்ணி வந்துடிச்சு பாருங்க."